ராக்கெட்டின் தண்ணீர் பாட்டில்

ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லும் ஓர் இனம் உண்டு; அவர்களிடம் நீங்களும் அகப்பட்டிருப்பீர்கள். படித்தது ஒரே ஒரு கட்டுரையாக இருக்கும். பேச்சு ஒரு மருத்துவக் கல்லூரிக்கே போதும்.

நம்மவர் கட்டட வரைபடம் போடுகிறவர். விண்வெளிக்குப் போகிறவர்களின் சிறுநீரகம் என்ன பாடுபடுகிறது என்று என்றோ படித்தார். அன்றைக்கே அலுவலகத்துக்குச் சனி பிடித்தது, அவருக்கு 'ராக்கெட்' என்ற பெயரும் வந்தது. யாராவது லேசாகத் தும்மினால் போதும், சுழல் நாற்காலியைத் திருப்பி, மனைவி கொடுத்தனுப்பும் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"இதுதான் ராக்கெட்னு வெச்சுக்கோங்க. மேல போனா எடை கிடையாது, எலும்புக்கு வேலையில்ல. அதுல இருக்கிற சுண்ணாம்புச்சத்து கரைஞ்சு சிறுநீர்ல இறங்கும். தண்ணி குறைஞ்சுதோ, கல்லுதான்!"

"நீங்க குடிச்சீங்களா சார்?" என்று வரவேற்பு மேஜைப் பெண் கேட்பாள்.

"எனக்கென்னம்மா? நான் தரையிலதானே இருக்கேன்!"

சாயங்காலம் பாட்டில் நிறைகுடமாக நிற்கும். அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? மணிக்கு ஒரு கோடு போட்டல்லவா அனுப்பியிருக்கிறாள் மனைவி! ஜன்னலோரப் பூந்தொட்டியில் கவிழ்த்துவிடுவார். செடி மளமளவென்று வளர்ந்தது. காலி பாட்டிலைப் பார்த்து அந்த அம்மாளுக்கும் பரம திருப்தி.

போன வாரம், செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறவர்களின் கதியை நினைத்து உருகிக்கொண்டிருந்தவர், திடீரென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்கேனில் கல். ஒன்றல்ல, இரண்டு.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?" என்றார் டாக்டர்.

மனைவி முந்திக்கொண்டாள். "தினம் ரெண்டு லிட்டர் டாக்டர். பாட்டில் காலியாத்தான் வருது."

"அப்ப வேற ஏதோ கோளாறு. நாலு நாள் தங்கவெச்சு எல்லா டெஸ்டும் எடுத்துடலாம்."

அவள் கண்ணில் பொலபொலவென்று நீர். நம்மவருக்கு வலிகூடப் பரவாயில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. பாவம், நல்ல மனுஷர்தான்.

"டாக்டர், டெஸ்டெல்லாம் வேண்டாம்..." என்று இழுத்தார். "அந்த ரெண்டு லிட்டரைக் குடிச்சது ஆபீஸ் செடி."

அழுகை நின்றது. மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அதற்குக் கல்லே தேவலை.

இப்போது கோடு தவறாமல் குடிக்கிறார். செடிதான் கொஞ்சம் வாட்டம்.

சிரிக்கிறீர்கள். இதை யார் யாருக்கு அனுப்பலாம் என்று மனசுக்குள் ஒரு பட்டியலும் போட்டாயிற்று. போகட்டும், காலையிலிருந்து நீங்கள் எத்தனை தம்ளர்?