மணியடித்ததும் இறங்கிய பாடகி

மேடையில் பேசத் தெரிந்தவரால் மேடையில் எதையும் செய்ய முடியும் என்று நம்புவது எங்கள் இனத்துக்கே உரிய நோய். (எங்கள் இனம் என்றால் விவாத மேடைப் பேச்சாளர் இனம், சண்டைக்கு வந்துவிடாதீர்கள்.) அந்த நோய் முற்றிய நிலையில்தான் நான், பேய்போல் அலறிப் பாடும் ஒரு பிளாக் மெட்டல் இசைக்குழுவின் பாடகியானேன்.

குழு என் அண்ணன் குணாவுடையது. கிட்டார், டிரம்ஸ், அவற்றோடு உறுமி. கொண்டோமினியம் கட்டுவதற்காகத் தன் மரம் வெட்டப்பட்ட முனியாண்டியின் சினமே அவர்களுடைய முதன்மைப் பாடல். ஐந்தாண்டுகளாகச் செந்தூல் வட்டாரத்தை மட்டுமே அச்சுறுத்தி வந்த அவர்களைக் கிள்ளான் நகர நிகழ்ச்சியில் நேரில் வந்து கேட்பதாக ஓர் ஏற்பாட்டாளர் சொன்னார். பிடித்திருந்தால் தாய்லாந்து இசை விழாவுக்கு அழைத்துச் செல்வாராம். பத்து நாள் இருக்கையில், சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் பாடகன் போய்விட்டான்.

"நீதான் வீட்டுல நல்லா கத்துறியே, வா லா," என்றான் அண்ணன்.

அதை நான் பாராட்டாகவே ஏற்றுக்கொண்டேன்.

ஒத்திகை சுங்கை வேயில், ஒரு டியூஷன் நிலையத்தின் மேல்மாடியில். எங்கள் அலறல் அனைத்தையும் பொறுத்துக்கொண்ட டியூஷன் ஆசிரியை ஒன்றை மட்டும் தடைசெய்தார்: டிரம்ஸ் வாசிக்கும் ரவி பாட்டின் இடையிடையே அடிக்கும் கோயில் மணி. அதைக் கேட்டதும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்களாம். எனவே, மணி வரவேண்டிய இடங்களில் ரவி தலையை மட்டும் அசைப்பான். முன்னால் நின்று பாடிய நான் அதைக்கூடக் கண்டதில்லை.

கிள்ளான் நிகழ்ச்சி நாள் வந்தது. முகத்தில் கரியும் வெள்ளையும் பூசி, முதல் பத்தியை நெஞ்சு கிழிய அலறினேன். பின்னால் மணி ஒலித்தது.

பதினோரு வயது முதல் விவாத மேடைகளில் என் உடம்பு அறிந்த சட்டம் ஒன்றுண்டு. முதல் மணி எச்சரிக்கை. இரண்டாம் மணி முடிவு. எச்சரிக்கை கேட்டதும், மீதமிருந்த மூன்று பத்திகளையும் ஒரே மூச்சில் கொட்டினேன். உறுமி என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. இரண்டாம் மணி ஒலித்தது.

"எனவே, முனியாண்டியின் சினம் நியாயமானதே என்று கூறி, வாய்ப்புக்கு நன்றி பாராட்டி விடைபெறுகிறேன். வணக்கம்!"

கைகூப்பினேன். இறங்கிப்போய்ச் சுவரோர நாற்காலியில் அமர்ந்தேன். மேடையில் வாசிப்பு ஏனோ நிற்கவில்லை. (வேற யாரு பாட்டுடா இதுன்னு எனக்கே குழப்பம்.)

பக்கத்தில் இடுப்புவரை முடி வளர்த்த இளைஞர் ஒருவர் குனிந்து கேட்டார்: "சிஸ், முடிஞ்சிருச்சா?"

"என் நேரம் முடிஞ்சிருச்சு."

"பாட்டு இன்னும் ஓடுது லா!"

மேடையிலிருந்து அண்ணன் கத்தினான்: "சுதா! மேல ஏறுடி!"

"மணி அடிச்சிட்டாங்கண்ணே!"

"அது பாட்டுல வர்ற மணிடி!"

ஏறினேன். ஒலிவாங்கியைப் பிடித்தேன். மூன்றாம் மணி ஒலித்தது. அதற்குப் பிறகும் பேசினால் நடுவர்கள் புள்ளியை வெட்டிவிடுவார்கள். என்னைக் கேளாமலே என் கால்கள் மீண்டும் இறங்கின. கூட்டத்தில் பாதிப்பேர் கைகூப்பிப் பதில் வணக்கம் செலுத்தினர். மீதிப்பேர், எதிரணியிலிருந்து யார் வருவார் என்பதுபோல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்பாட்டாளர் அண்ணனின் தோளைத் தட்டினார். "சவுண்டு பவர்ஃபுல் பாஸ். ஆனா பயமே வரல. ரொம்ப மரியாதையா இருக்கீங்க."

தாய்லாந்து கைநழுவியது. கரி பூசிய அண்ணனின் கன்னங்களில் இரண்டு கோடுகள் இறங்கியிருந்தன. அவை வியர்வை என்று இன்றும் சாதிக்கிறான். (அந்த ஒரு தலைப்பில் மட்டும் நான் எதிர்த்து வாதிட்டதில்லை.)

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் தெரிந்தவர் எவரைக் கண்டாலும் அம்மா எங்களை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒன்னு பேய்ப்பாட்டு வாசிக்கும். இன்னொன்னு பாதியிலேயே நன்றி சொல்லிட்டுப் போயிரும்."

புதிய பாடகரைத் தேடும் அண்ணன், வருகிறவர்களின் குரலை இப்போது சோதிப்பதில்லை. ஒரே கேள்விதான்: "ஸ்கூல்ல பேச்சுப்போட்டிக்குப் போயிருக்கியா?" தமிழ்ப்பள்ளியில் படித்த எவரைத்தான் பேச்சுப்போட்டியில் ஏற்றாமல் விட்டார்கள்? குழு இன்றுவரை பாடகரின்றியே வாசித்து வருகிறது.