ரீவி டொக்டரின் கழுத்து

மன்னாரில் தன் காலைத் தானே பார்க்காமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ரீவி டொக்டர்தான். ஆளுக்குக் கர்வம் ஒன்றும் இல்லை, கழுத்து அப்படி. கை நரம்புகளைத் தைக்கிறவர். மைக்கிறஸ்கோப்புக்குள் வருடக்கணக்காகக் குனிந்து குனிந்து, ஒருநாள் அந்தக் கழுத்து இனிமேல் குனியமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டது. அதன் பிறகு சோற்றுக் கோப்பையை நெஞ்சுவரை தூக்கித்தான் சாப்பிட்டார். வீதியில் படுத்தால் மந்திரி வந்தாலும் எழும்பாத மன்னார்க் கழுதைகள், இவருடைய காலடிச் சத்தம் கேட்டால் மிதிபடுவோம் என்று தாமாகவே எழும்பி வழிவிட்டன.

நான் அப்போது சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதி. அந்தக் கழுத்துக்காகவே டொக்டர் ஒரு கமெராவை எங்கெங்கோ சொல்லி வரவழைத்தார். நீண்ட இரும்புக் கையில் தொங்கும் அது ஒரு சோடாப் போத்தல் அளவுதான். காயத்துக்கு மேலே நிறுத்தினால் எதிரே பெரிய ரீவியில் படம் ஓடும். டொக்டர் படத்தில் ஆழம் தெரிவதற்கான கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிமிர்ந்து ரீவியைப் பார்ப்பார், கைகள் கீழே தம்பாட்டில் தைக்கும். பழைய மைக்கிறஸ்கோப் காலத்தில் உள்ளே நடப்பதை டொக்டர் பார்ப்பார், நான் டொக்டரின் முதுகைப் பார்ப்பேன். இப்போது எனக்கும் தெரிந்தது. நூல் என்று நான் நினைத்திருந்த விரல் நரம்பு, வெட்டின இடத்தில் இடியப்பம் மாதிரி இழை இழையாக இருந்தது.

"இதுக்குள்ளாலயோ டொக்டர் சூடும் குளிரும் போகுது?"

"ஓம் மிஸ்ஸி. வாயை மூடுங்கோ, மாஸ்க் விலகுது."

கமெரா கொஞ்சம் திரும்பி நின்றாலும் போதும், கை ஒரு பக்கம் போக ஊசி படத்தில் இன்னொரு பக்கம் போகும். அது பழகும்வரை டொக்டர் கோழித்தொடை வாங்கி, அதன் இரத்தக்குழாயை வெட்டுவதும் தைப்பதுமாக இருந்தார். தைத்த தொடை குவாட்டர்ஸ் சமையலுக்குப் போனது. சமையல்கார அக்கா ஒருநாள் கறிச்சட்டியில் இருந்து மயிரிலும் மெல்லிய கறுப்பு நூல் ஒன்றை இழுத்தெடுத்து, "டொக்டர், இந்தக் கோழிக்கு என்ன வருத்தம், தையல் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் அரிப்பு என்ற கரையோர ஊரில் இருந்து சூசை அண்ணன் வந்தார். திருக்கை மீன் வெட்டும்போது கத்தி வழுக்கி, சுட்டுவிரலின் நரம்பு அறுந்துவிட்டது. அவர் கைத்தூண்டில்காரர். ஆழத்தில் மீன் இரையைத் தொடுவதைத் தங்கூசி நூல் வழியாக அந்த விரல்தான் அவருக்குச் சொல்லும்.

"விரல் மரத்துப்போனால் நான் வள்ளத்தில சும்மா குந்தியிருக்க வேண்டியதுதான்" என்றார். நாள் போனால் நரம்பின் முனைகள் சுருங்கிவிடும், இழுத்துச் சேர்ப்பது கஷ்டம். உடனே செய்யவேண்டும்.

அவருடைய மனைவி மெற்றில்டா அக்காவிடம் எங்கள் அற்றெண்டன் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டான்: "ரீவியைப் பாத்துக்கொண்டேதான் தைப்பார்."

அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "நாடகம் பாத்துக்கொண்டு என்ர மனுசன்ர விரலைத் தைக்கிறதோ? ரீவியை நிப்பாட்டச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் ஆளைக் கூட்டிக்கொண்டு போறன்!"

டொக்டருக்கு விளக்கம் சொல்ல வராது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், கமெராவுக்குக் கீழே அவருடைய பெருவிரலை வைத்தார். ரீவி நிறைய நகம். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த மீன் செதில் தட்டளவு பளபளத்தது.

"மாதாவே! இது என்ர விரலோ?" அக்கா விரலை மடக்கினார், படத்திலும் மடங்கியது. பிறகு விசாரணை தொடங்கியது.

"இடையில விளம்பரம் வராதோ?"

"வராது."

"கரண்ட் போனால்?"

"ஜெனறேற்றர் இருக்கு."

"ரீவியே பழுதாப் போனால்?"

டொக்டர் பின்கழுத்தைத் தடவினார். "பழைய மைக்கிறஸ்கோப் பக்கத்தில நிக்கும். குனிவன்."

அக்கா அந்தக் கழுத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "சரி, செய்யுங்கோ."

கையை மட்டும்தான் மரக்கப்பண்ணியிருந்தோம். சூசை அண்ணன் படுத்தபடி தன் நரம்பைத் தானே ரீவியில் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தையலுக்கு ஊசி எடுத்த நேரம் படம் கறுத்தது.

"என்ன டொக்டர், நாடகம் முடிஞ்சுதோ?" என்றார் சூசை அண்ணன்.

என்ன செய்தும் படம் வரவில்லை. நான் பழைய மைக்கிறஸ்கோப்பை உருட்டிக்கொண்டு வந்தேன். டொக்டர் குனிந்தார். துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் அவருடைய தொண்டையில் இருந்து வந்தது. கைகள் மட்டும் தம்பாட்டில் தைத்தன. முடிச்சு விழுந்தது. ஆனால் மைக்கிறஸ்கோப்பை விலக்கிய பிறகும் மனிதர் நிமிரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"மிஸ்ஸி," குனிந்தபடியே கேட்டார், "என்ர செருப்பு ஒண்டு பச்சை, ஒண்டு நீலமோ?"

"ஓம் டொக்டர். உங்கட கழுத்து பிடிச்ச நாளில இருந்து."

"ஒருத்தரும் சொல்லேல்லையே!"

"ஸ்டைல் எண்டு நினைச்சம்."

நானும் அற்றெண்டனும் சேர்ந்துதான் அவரை நிமிர்த்தினோம். நெடுநாள் கழுத்துப்பட்டியோடு திரிந்தார்.

மாதங்கள் கழித்து சூசை அண்ணன் ஒரு விளைமீனோடு வந்தார். அதன் செவுளுக்குள் அந்தச் சுட்டுவிரலை மாட்டி, யாரும் சொல்லாமலே டொக்டரின் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "கடிச்சது விரலுக்குத் தெரிஞ்சது டொக்டர்!"

டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். கூடத்து வாசலில், குனியாமல் எடுக்கிற மாதிரி நெஞ்சளவு உயரத் தட்டில், ஒரே நிறச் சோடிச் செருப்பு ஒன்று இன்னும் இருக்கிறது. அவருக்காக நான் எடுத்து வைத்தது. வேறு யாரும் கால் வைக்க நான் விட்டதில்லை.