ஜானவாசக் காருக்கு ஏழு பவுண்டு மூடி

சிட்லபாக்கம்,
18-10-1987

சிரஞ்சீவி பத்ரிநாராயணனுக்கு அத்திம்பேர் ஸ்ரீநிவாசராகவன் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் உன் அக்காவும் பிள்ளை ரவியும் அம்பாசடரும் சௌக்கியம். திருச்சியில் உங்கள் எல்லோருடைய சௌக்கியத்துக்கும் எழுதவும்.

உன் கார்டு கிடைத்தது. உன் பெண் வைதேகியின் ஜானவாசத்துக்கு வாடகைக் கார் பேசப்போவதாக எழுதியிருக்கிறாய். நம் குடும்பத்தில் சொந்தக் கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். மாப்பிள்ளை எவனுடைய காரிலோ ஊர்வலம் போக, நான் பின்னால் நடந்து வர வேண்டுமா? மனசே விட்டுப்போயிற்று. ஆவணியில் எதிர்வீட்டு ஜானவாசத்துக்கு வண்டி கொடுத்தேனே, அந்தக் கதையை யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். நாகஸ்வரக்காரர் பின்னால் நத்தை வேகத்தில் போனால் காற்றுப் படாமல் எந்த வண்டியின் ரேடியேட்டரும் சூடாகத்தான் செய்யும், என்னுடையது கொஞ்சம் கொதித்தது, மூடியோரமாக வெந்நீரைப் பீய்ச்சியது, தவில்காரர் தவிலோடு சாக்கடையைத் தாண்டினார், அவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை, மாப்பிள்ளை இறங்கி எட்டிப் பார்த்தது அவர் தப்பு, அவர் கோட்டில் தெறித்த துருக்கறையும் இரண்டு சலவையில் போய்விட்டதாம்.

மறுநாளே புது மூடி வாங்கத் தாம்பரம் போனேன். கடைக்காரர், தாங்கும் அழுத்தத்தை வைத்து ஏழு பவுண்டு, பத்து, பதிமூன்று என்று மூன்று மூடிகளை எடுத்துப் போட்டார். முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான், எதிலும் உசத்தியானதைத்தான் எடுப்பேன், பதிமூன்றை வாங்கி மாட்டினேன். செம்பாக்கம் ஏரி வரை வண்டி ஜம்மென்று போயிற்று, ஒரு சொட்டு வெளியே வரவில்லை, "பார்த்தியா?" என்று உன் அக்காவிடம் கேட்டு வாய் மூடவில்லை, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் டமாரென்று வெடித்தது. "ஏன்னா, பஸ்ஸுலயே போயிருக்கலாமே" என்றாள்.

மெக்கானிக் சவுரிமுத்து வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா சார் நீ! ஏழு தாங்குற வண்டிக்குப் பதிமூணு போட்டுகினு வந்துகீறே? மூடி அமுக்கிக்கினே இருந்தா உள்ள கீற தண்ணி எங்க போவும்? எங்க வீக்கா கீதோ அங்க புட்டுக்கும்."

நான் விடுவேனா? "அப்போ பழைய மூடி ஏன்யா பீய்ச்சித்து?" என்று மடக்கினேன்.

"அதுல ஸ்பிரிங்கும் இல்ல, ரப்பரும் இல்ல. அது மூடியே இல்ல சார், தட்டு."

தீர யோசித்து ஏழு பவுண்டு மூடியைத் தேர்ந்தெடுத்தேன். சவுரிமுத்துவும் அதையேதான் சொன்னான் என்றாலும், தேர்ந்தெடுத்தது நான்.

நேற்று ஒத்திகை பார்த்தோம். ரவி ஓட்டினான். நான் கோட்டும் மாலையும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை ஸ்தானத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் டேப் ரெக்கார்டரை வைத்து நாகஸ்வரக் கேசட்டை முழுச் சத்தத்தில் அலற விட்டேன். சிட்லபாக்கம் தெருவெல்லாம் ஒரு மணி நேரம் நடை வேகத்தில் சுற்றினோம். தெருக்காரர்கள் விடாமல் கூடவே வந்தார்கள். கடைசியில் இறங்கி மூடியைத் தொட்டேன், பத்ரி. வெறும் கையால் தொட்டேன்! ஜில்லென்று இருந்தது. கண்ணில் ஜலம் வந்துவிட்டது. இந்த வயசில் ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்தோம் என்று அவ்வளவு பெருமை எனக்கு.

ஆகவே வாடகைக் கார்க்காரனிடம் இன்றே வேண்டாமென்று சொல்லிவிடு. வைதேகியும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம். உன் ஆத்துக்காரியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஸ்ரீநிவாசராகவன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது ரவி வந்து ஒன்று சொல்கிறான். நேற்று முதல் திருப்பத்திலேயே இஞ்சின் நின்றுவிட்டதாம். பின் சீட்டில் என் முகத்தைப் பார்த்தபின் சொல்ல மனசு வரவில்லையாம். சவுரிமுத்துவும் தெருக்காரர்கள் ஆறு பேருமாக ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிறார்கள். உடனே போய் விசாரித்தேன். ஜானவாசத்தன்றும் தள்ள ஏழு பேரும் திருச்சிக்கே வருகிறார்களாம். வாடகைக் கார் வேண்டாம். சமையல்காரரிடம் மட்டும் ஏழு இலை கூடுதலாகச் சொல்லிவை.