தம்பி என்று ஒரு நாடு

அகண்ட நாடு என்று ஒன்று இருந்தது. அதன் ஒரு கோடியில் ஒருவன் காலைக் கஞ்சி குடிக்கும்போது மறு கோடியில் இருப்பவன் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பான். நடுவில் பனியும் காடும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தில் பாதிக்கு மேல் மனிதக் காலடியே பட்டதில்லை. இத்தனை பெரிய நாட்டை ஆண்ட பெருங்கோவுக்கு நிம்மதி இல்லாமல் போனதற்கு ஒரே காரணம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னஞ்சிறு அக்கரை நாடு. தான் உண்டு தன் கோதுமை உண்டு என்று கிடந்த நாடு அது. அப்படிக் கிடந்ததுதான் பெருங்கோவுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு நாட்டிலும் பீட்ரூட் சூப்பை ஒரே மாதிரிதான் வைப்பார்கள். கல்யாணத்தில் ஒரே மாதிரிதான் அழுவார்கள். பேச்சு மட்டும் வேறு. அவர்கள் பேசுவது இவர்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. ஆற்றைக் கடந்து பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். சண்டை வந்தால் சம்பந்திச் சண்டைதான் வரும். இதை இப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம். விட்டார்களா?

பெருங்கோ உறவுத்துறை என்று ஓர் இலாகாவைத் தொடங்கினார். அதற்கு மாமந்திரி கொர்னேயிலி. அவர் ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த உண்மை ஓர் ஆணையாக வெளிவந்தது: 'அக்கரையார் என்று ஓர் இனம் கிடையாது. அவர்கள் நம்முடைய தம்பிகள்.' கிடையாதவர்கள் எப்படித் தம்பிகள் ஆவார்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். அந்த இருவரும் வடக்கே மரம் வெட்டப் போனார்கள்.

ஆணையை எழுதியவன் உறவுத்துறையின் தலைமை எழுத்தன் மகார். ஆற்றங்கரைக் கிராமமான வெர்பாவில் பிறந்தவன். அவனுடைய அம்மா பரஸ்கா அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அம்மாவின் ஊர்க்காரர்களையெல்லாம் ஒரே வரியில் தம்பியாக்கிவிட்ட பெருமையில் அவன் அன்றைக்கு இரண்டு தரம் சாப்பிட்டான். ஆனால் ஊர் வழக்கம் ஒன்று அவனுக்கு மறந்துபோயிருந்தது. பதினோரு வருஷம் பட்டணத்தில் இருந்தால் எதுதான் ஞாபகம் இருக்கும்?

வழக்கம் இதுதான். அகண்ட நாட்டில் வீடு கடைசிப் பிள்ளைக்கு. மூத்தவர்கள் பிழைப்பைத் தேடிப் போய்விடுவார்கள். கடைசிப் பிள்ளை வீட்டோடு இருந்து பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வான். அரை வீட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய அடுப்பை அணையாமல் காப்பான். குளிர்காலத்தில் வயதானவர்கள் அந்த அடுப்பின் மேடைமீதுதான் படுப்பார்கள். அது அணைந்தால் அவர்கள் கதை முடிந்தது. அதனால் அவனுக்கு அடுப்புப் பிள்ளை என்று பெயர். எந்த அரசனும் அடுப்புப் பிள்ளையைப் படைக்குக் கூப்பிட்டதில்லை.

அக்கரையிலிருந்து பதில் வந்தது. 'எங்களைத் தம்பி என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி. வழக்கப்படி வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தனுப்பவும்.'

சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தவர்கள் இருமினார்கள்.

"பிழை ஆணையில் இல்லை பிரபு, வழக்கத்தில் இருக்கிறது," என்றார் கொர்னேயிலி. "வழக்கத்தைத் திருத்திவிடலாம்."

"ஆணையைத் திருத்தினால் என்ன?" என்று பெருங்கோ கேட்டார்.

"தாங்கள் தவறு செய்ததாக ஆகிவிடும் பிரபு."

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? இனி வீடு மூத்தவனுக்கே என்று இரண்டாவது ஆணை வந்தது. அக்கரைக்காரனுக்கு வீட்டைக் கொடுக்காமல் இருப்பதற்காகச் சொந்த நாட்டில் வீட்டோடு இருந்த அத்தனை பிள்ளைகளையும் வீடற்றவர்கள் ஆக்கினார்கள். இந்த அறிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? போதாக்குறைக்கு, அடுப்புப் பொறுப்பு நீங்கி அவர்கள் சும்மா இருப்பதால் படையில் சேரலாம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியையும் மகார்தான் எழுதினான்.

மகாருக்கு ஒரு தம்பி இருந்தான். ஆணையில் வந்த தம்பி இல்லை, கூடப்பிறந்தவன். பெயர் யூஹிம், வயது இருபத்து மூன்று. பரஸ்காவின் அடுப்பு அவன் கையில் இருந்தது. முதல் பனி விழுந்த வாரத்தில் படைக்கு ஆள் எடுக்கும் சேவகன் வந்தான்.

"இவன் போயிட்டா அடுப்பை யாருப்பா பாக்கறது?" என்றாள் பரஸ்கா.

"சட்டப்படி மூத்தவர் வந்து பாப்பாரும்மா."

"அவன் பட்டணத்துல சட்டம் எழுதிட்டு இருக்கானே."

"அப்ப சட்டம் தெரிஞ்சவருதான். கேட்டுக்கங்க."

யூஹிம் விறகை அடுக்கி வைத்துவிட்டு, ஒரு மாசத்துக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

படை ஆற்றைக் கடந்தது. அதற்குப் போர் என்று பெயர் இல்லை. அண்ணன் தம்பியைப் பார்க்கப் போவது எப்படிப் போராகும்? 'அரவணைப்புப் பயணம்' என்று மூன்றாவது ஆணை சொன்னது. போர் என்று சொன்னவர்களுக்குச் சிறை. பீரங்கி வைத்து அரவணைத்தார்கள். பாட்டுச் சொல்லித்தரும் பள்ளிக்கூடங்களை அரவணைத்ததில் கூரைகூட மிஞ்சவில்லை. இந்தப் பக்கம் அந்தக் குளிர்காலத்தில் ஆயிரம் வீடுகளில் அடுப்பு அணைந்தது. மேடையில் படுத்திருந்த வயதானவர்கள் விறைத்துப் போனார்கள். 'முதியோர் ஆழ்ந்த ஓய்வில்' என்று உறவுத்துறை பதிவு செய்தது. வயிறு எரிகிறது.

ஒன்பதாம் நாள் யூஹிம் பிடிபட்டான். ஆற்றைக் கடந்து வந்த உறவுக்காரி ஒருத்தி அவனுடைய துண்டுச் சீட்டைக் கொண்டுவந்தாள். 'உயிரோட இருக்கேன் அம்மா. அடிக்கல. சூப் நீ வைக்கிற மாதிரியே இருக்கு.' பரஸ்கா அதை வாங்கிப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அக்கரை நாடு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. எந்தத் தாயும் வந்து மகனைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவன் மறுபடி ஆயுதம் எடுக்க மாட்டான் என்று அவனுடைய அரசாங்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். உறவுத்துறையோ, போரே இல்லாதபோது கைதி ஏது என்று சொல்லிவிட்டது. தம்பி வீட்டுக்கு விருந்து போனவனைத் திருப்பிக் கேட்பது மரியாதை ஆகாதாம்.

பரஸ்கா பட்டணத்துக்குப் போனாள். மகார் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தம்பி பிடிபட்ட விஷயம் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னால எழுத முடியாதும்மா. கைதின்னு எழுதினா போர் நடக்குதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. என் தலை போயிடும்."

"கைதின்னு எழுதச் சொன்னேனா? நீங்க தினமும் தண்டோரா போடறதையே எழுதுடா. போர் இல்ல. என் பையன் படைக்காரன் இல்ல. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கான். ஆயுதம் எடுக்கற வேலை அவனுக்குக் கிடையாது. இதுல எது தப்பு?"

மகார் யோசித்தான். எதுவும் தப்பில்லை. எல்லாமே அரசாங்கத்தின் வாக்கு.

"அடுப்பு எரியுதாம்மா?" என்று கேட்டான்.

"எரியுது. நான்தான் விறகு பிளக்கறேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டே எழுதி முத்திரை வைத்தான்.

ஆறு உறைந்திருந்தது. பரஸ்கா நடந்தே கடந்தாள். அக்கரைக் காவல் அதிகாரி கடிதத்தை வாங்கி மூன்று தரம் படித்தான்.

"இது நெசமாவே உங்க ராஜாவோட முத்திரையா?"

"ஆமாம்பா."

"எங்க ஊர்ப் பேச்சு வருதே உங்களுக்கு?"

"இந்த ஊர்லதானே பொறந்தேன்."

அவன் கடிதத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். யூஹிமைக் கூட்டிவந்து ஒப்படைத்தான்.

மறு வாரமே சேவகன் வெர்பாவுக்கு வந்தான். கடிதத்தைப் பார்த்தான். படைக்காரன் இல்லை என்று அரசாங்கமே எழுதியிருக்கும் ஆளை எப்படிப் பிடிப்பது? திரும்பிப் போய்விட்டான். செய்தி ஊர் ஊராகப் பரவியது. உறவுத்துறை வாசலில் தாய்மார்கள் வந்து குவிந்தார்கள். மகார் முதல் நாள் பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டான், இரண்டாம் நாள் பயமில்லாமல் போட்டான், மூன்றாம் நாள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. நானூறு கையெழுத்து. அவன் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

விஷயம் தெரிந்து கொர்னேயிலி கொதித்துப்போனார். ஆனால் தண்டிக்க வழியில்லை. கடிதம் பொய் என்றால் போர் நடக்கிறது என்று ஆகிவிடும். ஆகவே மகாருக்குச் சபையில் மாலை போட்டார்கள்.

"உறவின் அருமை தெரிந்தவர் இவர்," என்றார் கொர்னேயிலி. "தம்பிகளை நேரிலேயே அரவணைக்கும் பாக்கியத்தை இவருக்கு அருள வேண்டும் பிரபு."

மாலையோடு அவனை முன்வரிசைக்கு அனுப்பினார்கள். பேனா பிடித்த கை, துப்பாக்கியில் எந்தப் பக்கம் சுடும் என்றுகூட அதற்குத் தெரியாது. இரண்டே மாசத்தில் அக்கரை வெளியிட்ட கைதிகள் பட்டியலில் மகாரின் பெயரும் வந்தது. உயிரோடு இருக்கிறான், காலில் காயம்.

பரஸ்கா மறுபடியும் பட்டணத்துக்குப் போனாள். அந்தப் பெரிய மேஜைக்குப் பின்னால் வேறொருவன் இருந்தான். மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

"என் மூத்த பையனுக்கு அந்தக் கடிதம் வேணும்பா. படைக்காரன் இல்லைன்னு குடுப்பீங்களே, அது."

"தாராளமா வாங்கிக்கலாம்மா. அது சட்டப்படி செல்லும். யாரும் ரத்து பண்ணல."

"அப்ப போட்டுக் குடு. ஆத்துல பனி உருகறதுக்குள்ள நான் போயாகணும்."

"நான் போட முடியாதும்மா. அந்தக் கடிதத்துல கையெழுத்து போடற அதிகாரத்தை ஒருத்தர் பேர்ல மட்டும்தான் பதிஞ்சு வெச்சிருக்காங்க."

"யாரு பேர்ல?"

அவன் பதிவேட்டைப் புரட்டி, விரலை வைத்துப் படித்தான்.

"மகார்னு ஒருத்தர். விருந்துக்குப் போயிருக்காராம். வந்ததும் போட்டுக் குடுப்பாரும்மா. அது வரைக்கும் அப்படி உக்காருங்க."

சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஏற்கெனவே இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் மகார் வருவதற்காகத்தான் காத்திருந்தார்கள். பரஸ்காவுக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.