கதாநாயகி விஷம் குடித்தாள், உதை எனக்கு

காதலுக்காக உயிரை விட்ட பெண்களைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாடகத்தில் செத்தவளைச் சொல்கிறேன். சீமையில் எவனோ எப்போதோ எழுதி, நம் ஊர் பி.ஏ. பாடத்தில் கொண்டுவந்து வைத்த காதல் நாடகம். பெயர் வேண்டாம், சொன்னாலே நாக்கு கசக்கிறது. (நீங்கள் நினைக்கும் அந்தப் பிரபல நாடகம் அல்ல, அதைப் பார்த்து எழுதியது.) இரண்டு பெரிய குடும்பங்களுக்குள் தீராப் பகை. ஒரு வீட்டுப் பெண், மற்ற வீட்டுப் பையனை விரும்புகிறாள். அப்பா வேறு இடத்தில் நிச்சயம் செய்கிறார். அவள் விஷம் குடித்துச் சாகிறாள். (இதை ஐந்து அங்கத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.) அவள் ஊரில் அவளால் என்ன ஆனதோ, நன்னிலம் பக்கத்தில் என் மானம் போனது.

அப்போது நான் கும்பகோணத்தில் ஒரு டுடோரியலில் ஆங்கில வாத்தியார். அரும்பு மீசை, அரைகுறைப் படிப்பு, முழுக் கர்வம். நன்னிலத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் ராமதுரை என்ற மிராசுதார், தன் பெண் வசந்தாவுக்கு வீட்டுக்கே வந்து பாடம் நடத்த என்னைக் கூப்பிட்டார். காலேஜிலிருந்து அவளை நிறுத்தியவரும் அவரேதான். நில உச்சவரம்புச் சட்டத்தை இறுக்கிக்கொண்டிருந்த நேரம். சர்க்கார் கை வைப்பதற்குள் நிலத்தை மாப்பிள்ளை, சம்பந்தி என்று சொந்தபந்தத்தின் பெயரில் பிரித்து எழுதிவிட வேண்டும் என்று ஊரெல்லாம் அவசரக் கல்யாணம். வசந்தாவுக்குக் குத்தாலத்தில் உறவுக்காரப் பையன் தயாராக இருந்தான். கல்யாணம் வரைக்கும் வேண்டுமானால் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று விட்டிருந்தார்.

அந்தத் தை மாதம் அறுப்புக்கு ஆட்கள் வரவில்லை. கூலியை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று வாய்க்கால் மதகடியில் கொடியை நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. வயலுக்குப் போக வழியில்லாத மிராசுதார், என் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அந்த ரெண்டு குடும்பத்துக்கும் என்ன தகராறு?" என்றார் முதல் நாளே.

"காரணம் சொல்லலீங்க ஐயா. பரம்பரைப் பகை."

"காரணமில்லாம பகையா? வரப்புத் தாவாவா இருக்கும். இல்லேன்னா வாய்க்கால் தண்ணி. நல்லாப் பாருங்க."

"புஸ்தகத்துல இல்லீங்க."

"அப்ப எழுதினவனுக்கு ஊர் நடப்பு தெரியலே."

வசந்தா தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருப்பாள். சரியான ஊமை என்று நினைத்தேன். (என் ஆள் கணிப்பு எப்போதும் இந்த லட்சணம்தான்.)

கதாநாயகியின் குணச்சித்திரத்தை ஆராயும் நாள் வந்தது. நோட்ஸை நெட்டுருப் போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் மேடைப் பேச்சு கேட்காத ஆளே கிடையாது. டீ கேட்பதையும் அடுக்குமொழியில்தான் கேட்போம். கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து முழங்கினேன்: "சாவு அவளைச் சாய்க்கவில்லை, சாவை அவள் சாய்த்தாள்! அவள் பருகியது விஷமல்ல, காதலுக்குச் சூட்டிய மகுடம்!"

பேனா மேஜையில் விழுந்த சத்தம் கேட்டது.

"சாகறது பெருமையா சார்?" என்றாள் வசந்தா.

நான் கண்ணைத் திறந்தேன்.

"அவளுக்கு என்ன வயசு? கடைத்தெருவுக்குக்கூடத் தனியாப் போகாத பொண்ணு. கட்டிக்க மாட்டேன்னு அப்பாகிட்ட நேரா சொல்றதுக்கு என்ன? அடிச்சிருப்பாரு. அடிக்கட்டுமே! அழுதுட்டு உசுரோட இருந்திருக்கலாம். இவ செத்தப்புறம் ரெண்டு வீட்டுக்காரங்களும் கூடிக்கறாங்களாம். அதுக்கு இவதான் கிடைச்சாளா?" அப்பா பக்கம் திரும்பினாள். "நான் சொல்லிடறேம்ப்பா. குத்தாலத்துப் பையன் எனக்கு வேண்டாம். சாகவும் மாட்டேன், கட்டிக்கவும் மாட்டேன்."

"ஐயா, இது போர்ஷன்லயே இல்லீங்க" என்றேன் அவசரமாக.

மிராசுதார் எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"யோவ்! வீட்டுல பூச்சி மருந்து டின் டின்னா அடுக்கி வெச்சிருக்கேன். வயசுப் பொண்ணுகிட்ட வந்து சாகறது மகுடங்கறியா?" தாழ்வாரத்துப் பக்கம் கையை நீட்டினார். "எந்திரிய்யா! மொதல்ல அந்த டின்னையெல்லாம் தூக்கிட்டுப் போய் பம்புசெட் கொட்டகையில வை!"

தூக்குவதற்கு ஆள் ஏது? எல்லாரும் மதகடியில். நானே தூக்கினேன். ஒரு டின் ஒழுகி வேட்டியெல்லாம் நாறியது. கொட்டகைக்கு வழியும் அந்த மதகைத் தாண்டித்தான்.

"டின்னோட எங்கய்யா போறே? வாய்க்கால்ல கலக்கவா?" என்று நாலு பேர் மறித்தார்கள். அந்தத் தண்ணீரைத்தான் அவர்களும் மாடுகளும் குடிப்பது.

"ஐயையோ, இல்லீங்க! ஒரு பொண்ணு விஷம் குடிச்சிட்டா. அதனாலதான்..."

"எந்தப் பொண்ணு?" என்று பாய்ந்து வந்தாள் அஞ்சலை. பண்ணையில் நடவு நடும் பெண்களுக்கு முன்னால் நிற்பவள்.

"அவங்கப்பா கட்டாயக் கல்யாணம் பண்ணப் பாத்தாரு, அதுல மனசு வெறுத்து..."

"ஐயோ, வசந்தா பாப்பா!"

கூட்டம் மொத்தமாக மிராசுதார் வீட்டை நோக்கி ஓடியது. "நாடகம்! நாடகம்!" என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன். ஒருவர் நின்று திரும்பி என்னை அறைந்தார். "ஒரு உசுரு போறது உனக்கு நாடகமாடா?"

கொடியும் கூச்சலுமாக வரும் கூட்டத்தைப் பார்த்த மிராசுதார், அடிக்கத்தான் வருகிறார்கள் என்று கதவைத் தாழ் போட்டுவிட்டார். அஞ்சலை வாசலில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "பெத்த புள்ளைய நெலத்துக்குத் தின்னக் குடுத்திட்டியே, பாவி!"

கதவு திறந்தது. வசந்தா நின்றாள், குத்துக்கல் மாதிரி. "யாரு அஞ்சலை செத்தது?" என்றாள்.

அஞ்சலையின் அழுகை பாதியில் நின்றது. மிராசுதார் பெண்ணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அந்த அறுப்புக் காலம் முழுக்க மிராசுதாரும் கூலியாட்களும் ஒத்துப்போன ஒரே விஷயம், என்னை உதைக்க வேண்டும் என்பதுதான். வரப்பில் ஓடி, சேற்றில் விழுந்து, ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன். மருந்து நாற்றம் தாங்காமல் கண்டக்டர் வழியிலேயே இறக்கிவிட்டான்.

பெண் விஷம் குடித்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு முன்னால் குத்தாலம் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொண்டார்கள். வசந்தா பரீட்சை எழுதித் தேறி, திருவாரூரில் வேலைக்குப் போனாள். கூலித் தகராறு தாசில்தார் வந்து பேசித்தான் தீர்ந்தது. என் கெட்ட பெயர் மட்டும் தீரவில்லை. பிறகு அதே பக்கத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "மருந்து டின்னோட ஓடினது மாப்பிள்ளைதானே?" உள்ளே ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவள்தான் என் மனைவி.

இப்போதும் வீட்டில் நான் குரலை உயர்த்தி எதையாவது விளக்க ஆரம்பித்தால், என் மகள் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தம் போடுவாள்: "அம்மா, அப்பா பாடம் நடத்தறாரு. கொசு மருந்தையெல்லாம் எடுத்து உள்ள வை!"

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது.