ஒரு வாளி மழை

கூச்ச சுபாவம் உள்ளவன் எந்தக் கூட்டத்துக்கும் தாமதமாகப் போகக் கூடாது. போனால், கடைசி வரிசை நாற்காலிகளில் மற்ற கூச்சக்காரர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தாமான் என்ற குடியிருப்பின் மண்டபத்தில் நான் முதல் வரிசையில் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

ஈப்போவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது. (ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி நாள் அது பெரிய சாக்கடைதான்.) மழை கொட்டினால் அது நேராக எங்கள் அடுப்படிக்கு வரும். என் மனைவி சரசு கேஸ் சிலிண்டரை மேசைமேல் ஏற்றிவைத்துவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து தண்ணீர் வடியக் காத்திருப்பாள்.

அந்த ஆற்றை அகலமாக்கிக் கரையில் சுவர் கட்டப் போவதாகவும், அதை விளக்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருப்பதாகவும் செய்தி வந்தது. ஆனால் சுவர் எங்கள் வீட்டு வரிசைக்கு முன்பே, கார் பட்டறையோடு நின்றுவிடும் என்று பேச்சு.

“சுவரு நம்ம வீடு வரைக்கும் வரணும்னு ஒரு வார்த்த கேளுங்க. அவ்ளோதான்,” என்றாள் சரசு.

“நீ போயேன்.”

“எனக்கு ஞாயித்துக்கெழம வேல இருக்கு. வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடாது லா.”

நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. மலாய் பேச வரும். அதிகாரிகள் எதிரே நின்றால் வராது. அதனால் சிம்பாங் பூலாயில் நான் வேலை செய்யும் கல் ஆலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம், ‘என்சே’ என்று மரியாதையாகத் தொடங்கும் ஒரு மலாய் வாக்கியத்தைச் சொல்லிப் பழகினேன். ‘என்சே, எங்கள் வீடு எப்போதும் வெள்ளத்தில் மூழ்குகிறது, உதவி செய்யுங்கள்.’ ஹெல்மெட்டுக்குள் அது கம்பீரமாகத்தான் ஒலித்தது.

கூட்டத்தில் கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவர் திரையில் படம் காட்டினார். எங்கள் ஆறு தே தாரே என்ற பால் டீயின் நிறம். திரையில் ஓடியது நல்ல நீலம். அது வேறு ஊர் ஆறு என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பந்துத் திடலைத் தோண்டிக் குளம் வெட்டுவோம், மழைத் தண்ணீரை அதில் பிடித்துவைத்து மெதுவாக விடுவோம் என்றார். எனக்குத் தலை சுற்றியது. தண்ணீர் வரக் கூடாது என்றுதானே கூட்டம் போட்டிருக்கிறார்கள், அப்புறம் அதை வைத்துக்கொள்ளக் குழி எதற்கு?

பக்கத்தில் எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் மாணிக்கம்.

“மச்சான், ஏதாச்சும் வெளங்குதா?” என்றேன்.

“வெளங்காட்டி என்னா, தலைய ஆட்டு. சீக்கிரம் சாப்பாடு போட்டுருவாங்க.”

ஆட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டிவிட்டேன் போல. அந்த மண்டபத்திலேயே எல்லாம் புரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அதிகாரி நம்பி, என்னை முன்னால் அழைத்தார்.

மேசைமேல் எங்கள் தாமானைச் சின்னதாகச் செய்துவைத்திருந்தார்கள். ஆறு, திடல், அதில் குளம், பட்டறை, பின்னால் சுண்ணாம்புக் குன்று, தீப்பெட்டி அளவில் அட்டை வீடுகள். அதன்மேல் ஓட்டை போட்ட ஒரு பால் டின் தொங்கியது. அதிகாரி என் கையில் ஒரு வாளித் தண்ணீரையும் குவளையையும் கொடுத்தார். குவளையால் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக டின்னில் ஊற்ற வேண்டும், அதுதான் மழை என்றார். இது எனக்குப் புரிந்தது. சத்தியமாகப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் மணி அடித்தது.

அந்தக் கோயிலில் அபிஷேகத்துக்குக் குடம் தூக்கித் தருபவனும், திருவிழா நாளில் வெளிமேடையில் ஊற்றுபவனும் நான்தான். மணி அடித்ததும் தூக்க வேண்டும், தூக்கினால் காலியாகும்வரை நிறுத்தக் கூடாது. பல வருஷப் பழக்கம். மணிச் சத்தம் காதில் விழுந்ததுதான் தெரியும், குவளை கீழே கிடந்தது, வாளி என் தலைக்கு மேலே இருந்தது.

முழுவதும் ஊற்றினேன். நிதானமாக, பக்தியோடு, கடைசிச் சொட்டுவரை.

குளம் நிரம்பியது. ஆறு எங்கே போனதென்று தெரியவில்லை. முதலில் பெயர்ந்தது எங்கள் வரிசைதான். பட்டறையைத் தாண்டி, திடலைத் தாண்டி மிதந்துபோய், மேசை விளிம்பிலிருந்து அதிகாரியின் கால் சப்பாத்துமேல் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். மண்டபமே என்னைப் பார்த்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

“என்சே, எங்கள் வீடு எப்போதும் வெள்ளத்தில் மூழ்குகிறது, உதவி செய்யுங்கள்.”

“நீயே முக்கிட்டு நீயே கம்ப்ளைன் பண்றியே லா,” என்றான் மாணிக்கம். அதற்குப் பிறகு யாருடைய பேச்சும் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும்தான்.

அவமானத்தில் குனிந்து வீடுகளைப் பொறுக்கி, கிடைத்த இடத்தில் நட்டுவைத்தேன். எங்கள் வீட்டைச் சுண்ணாம்புக் குன்றின் உச்சியில் வைத்துவிட்டேன். அதிகாரி அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் சரசு வந்தாள்.

“சுவரப் பத்திக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்னா சொன்னாங்க?”

“சிரிச்சாங்க.”

அடுத்த வாரம் அவளே லீவு போட்டுவிட்டு அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். நான் கதவோரம் ஒளிந்து நின்றேன். அதிகாரி வரைபடத்தை விரித்து, எந்த வீடு என்று கேட்டார். சரசுவுக்கும் வரைபடம் பிடிபடவில்லை. திரும்பி என்னைக் கையால் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

“ஓ, மிதந்துபோன வீடா,” என்றார். அவர் இழுத்த பென்சில் கோடு பட்டறையைத் தாண்டி நேராக எங்கள் வீட்டில் போய் நின்றது.

இப்போது சுவர் எங்கள் வரிசையையும் சேர்த்துத்தான் நிற்கிறது. என்னால் வந்ததா, என்னை மீறி வந்ததா என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம். தன்னால்தான் என்கிறாள் சரசு. தலையை ஆட்டச் சொன்ன தனக்குத்தான் விருந்து வைக்க வேண்டும் என்கிறான் மாணிக்கம். திடலில் குளம் எதற்கு என்பதும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. (தலையை ஆட்டாமல் சொல்கிறேன்.)

கோயிலில் பூசாரி இப்போது என்னிடம் சின்னச் செம்புதான் கொடுக்கிறார். சாப்பாடு கொண்டுவரும் பையன்களுக்கு என் மகள் போனில், “மிதந்த வீடுன்னு கேளுங்க, காட்டுவாங்க,” என்றுதான் வழி சொல்கிறாள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் சரசு வானத்தைப் பார்ப்பதில்லை. என் கையைத்தான் பார்க்கிறாள்.