பந்தல் வரை பறந்தவன்

என் வீட்டில் இந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் நான் விழுந்த உயரம் சிறிது கூடுகிறது. சென்ற பொங்கலன்று அது பனைமரத்தை எட்டிவிட்டது. ஆகவே, என் கண்ணால் கண்டதையும் உடனிருந்தோர் பிற்பாடு ஒப்புக்கொண்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. (விழுந்தது உண்மை. அதை மறுக்க வழியில்லை.)

அறுபதுகளின் இறுதி. ஓசூர் வட்டாரத்தை விமானத்திலிருந்து படமெடுத்து வரைபடமாக்கும் பணியில் நான் கடைநிலை உதவியாளன். தலைமை வகித்தவர் சுந்தரமூர்த்தி ஐயா. அந்தத் தொழில் நம் நாட்டில் தவழத் தொடங்கிய காலத்திலேயே அதில் இறங்கியவர். விமானத்தின் அடியில் வெட்டிய துளையருகே குப்புறப் படுத்து, விரல்கள் விறைக்க விறைக்கக் கண்ணாடித் தகடுகளை மாற்றிப் படமெடுத்தவர். முதன்முதலாக மேலே போனபோது என்ன பார்த்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க ஊட்டுக் கெணத்தத் தேடுனேன் தம்பி. ஆறு, மலை, எல்லாந்தான் கீழ கெடந்துச்சு. கண்ணு கெணத்தத்தான் தேடுச்சு."

அன்று தொற்றியது எனக்கு அந்த ஏக்கம். கெலமங்கலத்தில் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையை ஒரே ஒருமுறை மேலிருந்து பார்த்துவிட வேண்டும். ஏக்கத்தால் உணவு செல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் நன்றாகவே சாப்பிட்டேன்.

"பாகலூர்க் குறிய ஒழுங்காப் போடு. படத்துல பளிச்சுனு விழுந்துச்சுன்னா, அடுத்த தடவ எம்பக்கத்துல ஒக்காந்து வா" என்றார் ஐயா.

குறி என்பது தரையில் சுண்ணாம்பால் இடும் பெரிய வெள்ளைச் சிலுவை. அது படத்தில் தெரிந்தால்தான், நிலத்தில் அளந்த இடத்தைப் படத்தில் அடையாளம் காண முடியும். பாகலூரை அடுத்த ஒரு மேட்டில் மூன்று நாள் பாடுபட்டு அதை இட்டேன். அந்த மூன்று நாளும், அருகில் குடியிருந்த அந்தோணியம்மா எனக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டுவந்தார்.

"மாதா கோயில் வருதுங்களா சார்?" என்று சிலுவையைக் காட்டி முதல்நாளே கேட்டார்.

மறுக்கத்தான் வாய் திறந்தேன். களி உள்ளே போய்விட்டது. தலையை மட்டும் அசைத்தேன். எத்திசையில் அசைத்தேன் என்பதை அவர் முடிவுக்கே விட்டுவிட்டேன்.

படமெடுக்கும் நாளன்று காலை மேட்டுக்குப் போனேன். என் சிலுவையின்மேல் எட்டுக் கால்களில் புங்கந்தழைப் பந்தல் ஒன்று நின்றது. ஊரே கைகூப்பி நின்றது.

"வெயில்ல கெடக்குதேன்னு மனசு கேக்கல சார்" என்றார் அந்தோணியம்மா.

கீழே நின்று பார்ப்பவருக்கு அது ஆலயம். மேலிருந்து பார்ப்பவருக்கு வெறும் புதர்.

"பிரிங்கம்மா! ஏரோப்ளேன் வரப்போவுது!"

"வரட்டும் சார். அவங்களும் கும்புட்டுட்டுப் போவட்டும்."

"இது கோயிலுக்கு இல்லம்மா. மேலருந்து படம் புடிக்க."

அவர் முகம் மாறியது. "அப்ப தலைய ஆட்டுனீங்களே?"

"வாயில களி இருந்துச்சும்மா."

"மூணு நாளுமா?"

(பின்னால் நின்ற அவர் கணவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். அதை அச்சிட இயலாது.)

அதற்குள் வானில் இரைச்சல் கேட்டது. நானே பந்தல்மேல் ஏறித் தழையைப் பிடுங்கினேன். பக்தியோடு கட்டிய முடிச்சுகள், ஒன்றும் அவிழவில்லை. அடுத்து எனக்குத் தோன்றியதை அறிவு என்று கூற மாட்டேன். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அணிந்திருந்த நான், கைகளை விரித்து, தழைமேல் மல்லாந்து படுத்துவிட்டேன், சிலுவைக்குப் பதிலாக.

விமானம் தலைக்குமேல் வந்தது. ஐயா அங்கே கீழே நோக்கியிருப்பார். நான் இங்கே மேலே நோக்கிக் கிடந்தேன். அந்த ஆசைக்கு அதைவிட அருகில் நான் என்றுமே போனதில்லை.

பிறகு பந்தலின் ஒரு கால் சாய்ந்தது. தழையோடும் கழியோடும் சுண்ணாம்பின்மேல் வந்து விழுந்தேன்.

"இப்பதான் சார் நல்லா வெள்ளையா இருக்கீங்க. அப்பிடியே கெடங்க, அடுத்த சுத்துல எடுக்கட்டும்" என்றார் அந்தோணியம்மா.

அவ்விடத்தை மறுபடி படமெடுக்க வேண்டியதாயிற்று. அம்முறை ஐயாவின் பக்கத்து இருக்கை காலியாகவே போனது. குறியருகே தரையில் நின்று அண்ணாந்து பார்த்தேன்.

"மேல போவணும்னு ஆசப்பட்ட. பந்தல் வரைக்கும் போயிட்ட. போதும்" என்றார் ஐயா, சிரிக்காமல். விரைவில் அவர் வேறு மாநிலத்துக்கு மாறிப்போனார். பல்லாண்டு கழித்து, பயணச்சீட்டு வாங்கி நானும் பறந்தேன். சன்னலில் மேகம் மட்டுமே தெரிந்தது.

இன்றும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தல் போடுகிறவர்களிடம் என் மனைவி சொல்லுவாள்: "காலு கெட்டியா நடுங்கப்பா. இவுரு ஏறுவாரு."

ஐயா மாறிப்போன பின் ஓர் உறை வந்தது. உள்ளே, அன்று முதல்முறை எடுத்த படத்தின் பிரதி. பாகலூர் மேட்டில் கருமையாக ஒரு சிறு கட்டம். அதன் நடுவே வெண்புள்ளி. புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். கடிதம் இல்லை. அப்புள்ளி படுத்திருந்த நானா, நான் விழுந்தபின் பந்தல் பிளவில் தெரிந்த சுண்ணாம்பா என்பது தெரியவில்லை. அவர் வட்டமிட்டது பிழையையா, என்னையா என்பதும் தெரியவில்லை. அவர் இருந்தவரை நான் கேட்டு எழுதவில்லை.